உடல் எனும் அமானிதம்



ரமலான் நெருங்குகிறது. "ஹஸ்ரத், எனக்குச் சுகர் இருக்கிறது. டாக்டர் நோன்பு வேண்டாம் என்கிறார். ஆனால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது" என்று வழக்கம்போல் சிலர் வரத் தொடங்கிவிட்டார்கள். சில வருடங்களுக்கு முன் இதே கேள்விக்கு நான் தவறான பதில் சொன்னேன். அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர். இன்சுலின் ஊசி போடுபவர். அவர் கேட்டபோது, "தைரியமாக வையுங்கள் பாய், அல்லாஹ் சக்தி தருவான்" என்றேன். டாக்டர் ஏன் வேண்டாம் என்றார் என்றுகூடக் கேட்கவில்லை. எட்டாவது நோன்பன்று அஸருக்கு முன், வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பெற்ற பிள்ளையின் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருந்தாராம். மகன் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார்.

அதற்குப் பிறகுதான் ஒரு மருத்துவரிடம் போய் விசாரித்தேன். ஒரு மனிதரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம். அதில் ஓடும் சர்க்கரை சுமார் 5 கிராம்தான். ஒரு டீஸ்பூன்! ஆனால் மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குச் செலவழிக்கிறது. பிறகு எப்படி அந்த ஸ்பூன் காலியாவதில்லை? ஸஹர் சாப்பிட்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. மிஞ்சிய சர்க்கரையில் ஒரு பகுதி கல்லீரலில் சேமிப்பாகிறது. லுஹர் நேரத்தில் அளவு இறங்கினால் அதே கணையம் இன்சுலினைக் குறைத்து, குளுக்ககான் என்ற வேறொன்றை அனுப்புகிறது. கல்லீரல் சேமித்ததை வெளியே விடுகிறது. நாம் கடையில் கணக்குப் பார்க்கிறோம், தூங்குகிறோம், உள்ளே அந்தக் கணக்கு நிற்பதே இல்லை. வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1926இல் இதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார். சமநிலை என்றால் அசையாமல் நிற்பது என்று நினைத்திருந்தேன். இல்லை, சாயச் சாய நிமிர்த்திக்கொண்டே இருப்பதாம்.

ஊசியில் ஏற்றிய இன்சுலினுக்கு அவர் நோன்பாளி என்பது தெரியாது. சர்க்கரை இறங்குகிறதே என்று அது தன்னைக் குறைத்துக்கொள்ளாது. நமக்கெல்லாம் நம்மைக் கேட்காமலேயே நடக்கும் காவல் வேலையில் ஒரு பங்கை அல்லாஹ் அந்தப் பெரியவரின் கையிலேயே ஒப்படைத்திருக்கிறான். நேரத்துக்குச் சாப்பிடுவதும், விரலில் குத்திச் சோதிப்பதும் அவர் மீதுள்ள அமானிதம்.

"மனசு கேட்கவில்லை" என்கிறோமே, அது எந்த மனசு? சூரா பகராவில் நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்தில்தான் நோயாளிக்கான சலுகையும் இருக்கிறது. ஒன்றை எடுத்து மற்றதை ஒதுக்கும்போது நாம் கீழ்ப்படிவது அவனுக்கா, 'நானும் முப்பதும் பிடித்தேன்' என்று சொல்ல விரும்பும் நஃப்ஸுக்கா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. சுகர் உள்ள எல்லோரும் நோன்பை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மருந்தின் அளவை மருத்துவரிடம் மாற்றிக்கொண்டு நோன்பு வைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

அபூதாவூதில் ஒரு சம்பவம் வருகிறது. பயணத்தில் ஒரு தோழருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். குளிப்பு கடமையானபோது, தயம்மும் செய்யலாமா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது கூடாது என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்களின் கோபம் முழுவதும் பதில் சொன்னவர்கள் மீதுதான். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்று கண்டித்தார்கள். ஓதிக்கொடுக்கும்போது இந்த ஹதீஸை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் மன்னிப்புக் கேட்க உட்கார்ந்திருந்தபோதுதான் அது என்னைப் பற்றியது என்று புரிந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. "நானும்தானே ஆசைப்பட்டேன் ஹஸ்ரத்" என்றார். இப்போது அவர் நோன்பு வைப்பதில்லை, ஃபித்யா கொடுத்துவிடுகிறார். ரமலானில் லுஹர் தொழுததும் பள்ளியின் பின்புறம் போய்ப் பாருங்கள். கஞ்சிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருப்பார்.