அசலும் போலியும்: ஒரு போர் ஹெலிகாப்டரின் படத்தை முன்வைத்து

ஒரு புகைப்படத்தில் காணப்படும் போர் ஹெலிகாப்டர் அசலானதா, அதைப்போலச் செய்யப்பட்ட உருவா என்னும் கேள்வி, படைக்கலன்களை நன்கறிந்தோர் தீர்த்துவைக்க வேண்டிய சிறு ஐயமாகவே முதலில் தோன்றும். ஆயினும், அதற்குச் சொல்லப்படும் எந்த விடையும், கண்டதிலிருந்து காணாததைத் துணியும் உரிமை மனிதர்க்கு எப்போது கிடைக்கிறது என்ற பழைய மெய்யியல் கேள்விக்கும் விடையாகிவிடுகிறது. உண்மையறிவைத் தரும் வழிகளை அளவை என்றும் பிரமாணம் என்றும் பெயரிட்டு ஆராய்ந்த இந்திய நூலார், தொலைவில் மங்கலாகத் தெரிவது குற்றியோ மகனோ, அதாவது நட்ட கட்டையோ ஆளோ என்று தடுமாறுவதை ஐயம் என்றும், கிடக்கும் சிப்பியை வெள்ளியென்றே துணிந்துவிடுவதைத் திரிபு என்றும் பிரித்தனர். அவர்கள் காட்டிய கட்டையை ஆள்போலத் தோன்றட்டும் என்று எவரும் நட்டதில்லை. சிப்பிக்கும் எவரையும் ஏய்க்கும் நோக்கம் இல்லை. போர்க்கருவியின் போலியுருவோ, காண்பவர் எதைக் கண்டு எதைத் துணிவார் என்பதை முன்கூட்டியே கணித்து, அந்தத் துணிபுக்காகவே செய்யப்படுவது. பழைய அளவையியலின் கருவிகள் இங்கே எவ்வளவு தூரம் செல்லும், எங்கே கூர்தீட்டப்பட வேண்டும் என்பதே ஆராயத்தக்கது.

சோவியத் ஒன்றியத்தின் மில் வடிவமைப்பு நிறுவனம் உருவாக்கி 1969இல் முதன்முதலாகப் பறந்த மி-24, இவ்வாராய்ச்சிக்கு மிகப் பொருத்தமான பொருள். ஏனெனில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைப்போல் பலரால் பல நோக்கங்களுக்காகப் போலி செய்யப்பட்ட ஹெலிகாப்டர்கள் குறைவு. நேட்டோ நாடுகளால் ஹைண்ட் என்று அழைக்கப்பட்ட அதற்கு, ஒன்றன்பின் ஒன்றாகப் படிபோல் உயர்ந்த இரு கண்ணாடிக் குமிழ்களும், உடலின் இருபுறமும் கீழ்நோக்கிச் சரிந்த குட்டை இறக்கைகளும், மேலே ஐந்து தகடுகள் கொண்ட சுழலியும் அடையாளம். அமெரிக்காவில் எடுக்கப்பட்ட 'ரெட் டான்' (1984), 'ராம்போ 3' (1988) ஆகிய திரைப்படங்களில் சோவியத் ஹெலிகாப்டராகத் தோன்றுவது, பிரெஞ்சுத் தயாரிப்பான பூமா ஹெலிகாப்டரின் மேல் பொய் மூக்கும் குட்டை இறக்கைகளும் பொருத்தப்பட்ட உருவாகும். திரைப்படத்துக்கு வெளியிலும் இது நடந்தது. 1980களில் புளோரிடாவைச் சேர்ந்த ஒர்லாண்டோ ஹெலிகாப்டர் ஏர்வேஸ் நிறுவனம், 1949இல் முதன்முதலாகப் பறந்த சிகோர்ஸ்கி எஸ்-55 என்னும் பழைய ஹெலிகாப்டர்களை மி-24 போல உருமாற்றி, பொய்யான விமானி அறையில் பொம்மைகளை அமர்த்தி, தொலைவிலிருந்து இயக்கத்தக்க பயிற்சி இலக்குகளாக அமெரிக்கத் தரைப்படைக்குச் செய்துகொடுத்தது.

அந்த எஸ்-55இன் படத்தைக் காட்டி, இது அசலா என்று ஒருவர் கேட்டால், கேள்வியே இன்னும் முழுமையடையவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அது இயந்திரம் ஓட, காற்றைத் தள்ளி மேலெழும் ஹெலிகாப்டர். அவ்வகையில் ஐயமின்றி அசல். அது மி-24 அன்று, அவ்வகையில் போலி. சுடப்படுவதற்கென்றே செய்யப்பட்ட இலக்கு. அவ்வகையில் மீண்டும் அசல். ஆக்ஸ்ஃபோர்டு மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின், வேட்டையில் பறவைகளை ஈர்க்க மிதக்கவிடும் பொம்மை வாத்தை எடுத்துக்காட்டாக வைத்து, எதன் அசல் என்று சொல்லாதவரை அசலா என்ற கேள்விக்குப் பொருளில்லை என்று வாதிட்டார். உள்ளது என்றால் பயன்தரும் செயலை ஆற்ற வல்லது என்று ஏழாம் நூற்றாண்டுப் பௌத்தரான தர்மகீர்த்தி வகுத்த இலக்கணமும் இதே இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த ஆற்றலை அவர் அர்த்தக்கிரியை என்றார். பகைவரின் ஏவுகணையைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் ஊதிய ரப்பர் உரு, ஏமாற்றுப் பொருள் என்ற வகையில் தன் செயலை முழுமையாக ஆற்றுகிறது. ஆகவே, போலி என்பது பொருளில் இருக்கும் குறை அன்று; பொருளுக்கும் அதைப்பற்றிச் செய்யப்படும் கூற்றுக்கும் இடையே விழும் பிளவு. படத்தைப் பார்ப்பவர் எந்தக் கூற்றைச் சோதிக்கிறார் என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

கூற்றைத் தெளிவுபடுத்திய பிறகும், அதைச் சோதிக்கும் வழியில் பெரிய அடைப்பு ஒன்று நிற்கிறது. ஓர் அறிவு மெய்யானது என்பதற்கு அதை நம்பிச் செய்த செயல் பலித்தலே சான்று என்று நியாய சூத்திரத்துக்கு உரை செய்த வாத்ஸ்யாயனர் தம் நூலின் தொடக்கத்திலேயே சொன்னார்: கானலை நோக்கி நடந்தவனுக்குத் தாகம் தீராது, நீரை நோக்கி நடந்தவனுக்குத் தீரும். புகைப்படம் இந்தச் சோதனையைத்தான் துண்டித்துவிடுகிறது. படத்திலுள்ள ஹெலிகாப்டரைத் தட்டிப் பார்த்து ஓசை கேட்க முடியாது. சுற்றிவந்து பின்புறம் காண முடியாது. இயக்கச் சொல்லி எழுகிறதா என்று நோக்க முடியாது. எகிப்திய மன்னர் தாலமியின் அவையில் ஸ்டோயிக் மெய்யியலாளர் ஸ்பேரஸுக்கு மெழுகாலான மாதுளம்பழங்கள் வைக்கப்பட்ட செய்தியை, மெய்யியலாளர்களின் வரலாறு எழுதிய தியோஜெனிஸ் லேயர்ஷியஸ் பதிவுசெய்துள்ளார். அவற்றை உண்மையென நம்பி ஏமாந்ததாக மன்னர் நகைத்தபோது, அவை மாதுளை என்று தாம் ஒப்பவில்லை, மாதுளையாயிருத்தல் பொருந்தும் என்றே ஒப்பியதாக அவர் மறுமொழி கூறினார். அந்த மறுமொழியைத் தப்பித்தல் என்று கருதுவோர் உண்டு. அது அறிவுக்கும் பொருந்தக்கூடிய கருத்துக்கும் இடையிலுள்ள எல்லையை நேர்மையாகக் காட்டியதாகவே கொள்வது தகும். அவருக்காவது கையை நீட்டிப் பழத்தைத் தொடும் வாய்ப்பு இருந்தது.

தொட முடியாத இடத்தில் எஞ்சுவது அனுமானம், தமிழில் கருதலளவை. குட்டை இறக்கை உண்டு, ஆகவே இது மி-24 என்று ஒருவர் கருதும்போது, குட்டை இறக்கை ஏது ஆகிறது, அதாவது துணிபுக்குக் காரணமாகக் காட்டப்படும் அடையாளம் ஆகிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையைக் கற்பிக்கும்போது, ஏதுவைப்போலத் தோன்றி ஏதுவாகாதவற்றை ஏதுப்போலிகள் என்று வகைப்படுத்துகிறார். அவற்றுள் அநைகாந்திகம் என்பது, நிறுவ வேண்டிய பொருளிலும் அதற்கு மாறான பொருளிலும் ஒருங்கே காணப்படுவதால் எதையும் துணிய உதவாத ஏது. தருக்கப் பாடத்தின் ஒரு பட்டியல் உறுப்பாக மட்டுமே பலர் படித்துக் கடக்கும் இந்த இலக்கணத்தின் எடை, 1994 ஏப்ரல் 14 அன்று வட ஈராக்கில் நிகழ்ந்ததை அறிந்தால் விளங்கும்.

அன்று, பறக்கத் தடைவிதிக்கப்பட்ட வான்பரப்பைக் காவல்செய்த அமெரிக்க எஃப்-15 போர் விமானங்கள் இரண்டு, தாழப் பறந்த இரண்டு ஹெலிகாப்டர்களைக் கண்டன. விமானிகள் பெருவேகத்தில் அவற்றைக் கடந்துசென்று கண்ணால் நோக்கினர். ஈராக்கிய ஹைண்ட் என்று துணிந்தனர். இரண்டையும் சுட்டு வீழ்த்தினர். அவை அமெரிக்கத் தரைப்படையின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள். அவற்றில் இருந்த அமெரிக்கர், பிரித்தானியர், பிரெஞ்சுக்காரர், துருக்கியர், குர்துகள் ஆகிய 26 பேரும் இறந்தனர். கூடுதல் எரிபொருள் கலங்களைத் தாங்குவதற்காக அந்த ஹெலிகாப்டர்களின் இருபுறமும் குட்டை இறக்கைகள் போன்ற தாங்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. அமெரிக்கக் கொடிகளும் அவற்றின்மேல் வரையப்பட்டிருந்தன. வான்வழிக் கண்காணிப்பு விமானத்திலும் நட்பறியும் மின்னணுக் கருவிகளிலும் நேர்ந்த தவறுகள் இந்தப் பேரிழப்பில் பங்குகொண்டன என்பது உண்மை. எனினும் கடைசிக் கணத்தின் துணிபு, மி-24இலும் பிளாக் ஹாக்கிலும் ஒருங்கே காணப்படக்கூடிய ஓர் அடையாளத்தின் மேல் நின்றது. மீமாம்சகரான பிரபாகரர், திரிபு என்பது பொய்யான ஒரு காட்சி அன்று, முன்னிற்பதன் காட்சியும் முன்பு கண்டதன் நினைவும் வேறுவேறு என்பதை உணராமை என்றார். சிப்பியின் ஒளி காட்சி, வெள்ளி நினைவு. இரண்டுக்கும் இடையிலான கோடு மறைந்துபோவதே தவறு. இறக்கையுள்ள ஹெலிகாப்டர் காட்சி, பயிற்சிப் படங்களில் கண்ட ஹைண்ட் நினைவு என்று வைத்துப் பார்த்தால், வட ஈராக்கில் நிகழ்ந்ததை இதைவிடத் துல்லியமாக விளக்கும் கொள்கை வேறில்லை எனலாம்.

எவரும் ஏமாற்ற எண்ணாத இடத்திலேயே இவ்வளவு நேருமானால், ஏமாற்றவே எண்ணும் இடத்தில் எந்த அடையாளத்தை நம்புவது? போலியைச் செய்பவர் பார்ப்பவர் எதைத் தேடுவார் என்று கேட்டுச் செய்கிறார். அசலைச் செய்தவர் அந்தப் பொருள் என்ன வேலை செய்ய வேண்டும் என்று கேட்டுச் செய்தார். ஆகையால் மூக்கின் வடிவமும், வண்ணமும், இறக்கையும் மிகக் குறைந்த மதிப்புடைய ஏதுக்கள். பார்வையாளரை எண்ணாமல் வேலையின் தேவையால் மட்டுமே பொருளில் படிந்தவை மிக உயர்ந்த மதிப்புடையவை. மி-24இன் சுழலி அச்சு வலப்புறமாக ஏறத்தாழ 2.5 பாகை சாய்ந்திருப்பது பறத்தலின் கணக்கால் வந்தது, அழகுக்காக அன்று. எட்டு டன்னுக்கு மேற்பட்ட வெற்று எடையின் கீழ்ச் சக்கரங்கள் அமுங்கும். நிற்கும் ஹெலிகாப்டரின் நீண்ட தகடுகள் தம் எடையால் நுனி தாழ்ந்து தொங்கும். அதுவே பறக்கும்போது, சுழற்சி தகடுகளை வெளிநோக்கி இழுக்க, உடலின் எடையைத் தாங்கும் தூக்குவிசை நுனிகளை மேலே உயர்த்த, சுழலி முழுவதும் ஆழமற்ற கூம்பாகிவிடும். வானில் இருப்பதாகக் காட்டப்படும் ஓர் உருவின் தகடுகள் தொங்கிக்கொண்டிருந்தால், அந்த உரு தன் எடையைத் தானே சுமக்கவில்லை என்பது விளங்கிவிடும். வேகமான படப்பிடிப்பு சுழலும் தகடுகளை உறையவைத்து எண்ணவும் விடுகிறது. பூமாவின் சுழலியில் நான்கு தகடுகளே உண்டு. கண்ணால் முடியாத இந்த எண்ணிக்கையைப் புகைப்படம் தருவது அதன் தனிச் சிறப்பு என்பதையும் மறக்கலாகாது.

எனினும் இந்த வகை ஏதுக்களுக்கும் நிலையான மதிப்பில்லை. இரண்டாம் உலகப் போரில் 1944 முதல் ஐரோப்பாவில் செயல்பட்ட அமெரிக்காவின் 23ஆம் தலைமையகச் சிறப்புப் படையினர், பின்னாளில் பேய்ப்படை என்று அறியப்பட்டோர், ஊதிய ரப்பர் டாங்கிகளை வயல்களில் நிறுத்தியபோது, டாங்கி சென்ற தடம் தரையில் இல்லாவிட்டால் வானிலிருந்து எடுக்கும் படத்தில் உண்மை வெளிப்பட்டுவிடும் என்பதை உணர்ந்து, புல்டோசர்களைக் கொண்டு தடங்களையும் உண்டாக்கினர். எவரையும் எண்ணாமல் படியும் அடையாளம், ஒருவர் அதை அடையாளம் என்று கண்டறிந்த அன்றே, எண்ணிப் படியவைக்கப்படும் அடையாளமாகவும் மாறத்தக்கது. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள விடாத தொடர்பு போன்ற நிலைத்த தொடர்பை, அதாவது வியாப்தியை, அனுமானத்தின் உயிர் என்று கொண்ட நியாய நூலார், புகையை நெருப்பின்றி உண்டாக்கப் பொருளும் படையும் ஒதுக்கும் ஓர் எதிராளியைக் கணக்கில் எடுக்கவில்லை.

மெய்யியலாளர் ஆல்வின் கோல்ட்மன் 1976இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு நெருங்கிய சிக்கல் ஒன்றை எழுப்பினார். முகப்பு மட்டுமே உள்ள பொய்க் களஞ்சியங்கள் நிறைந்த வட்டாரத்தில், அதை அறியாமல் செல்லும் ஒருவர், தற்செயலாக அங்குள்ள ஓர் உண்மைக் களஞ்சியத்தை நோக்கி, இது களஞ்சியம் என்கிறார். அவர் சொன்னது உண்மை. ஆயினும் அவர் அறிந்தவர் ஆகமாட்டார், ஏனெனில் அருகிலிருந்த பொய்யைப் பார்த்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பார். படத்தின் உள்ளே இருப்பது மட்டும் அறிவை உண்டாக்காது, அந்தப் படம் எந்த வட்டாரத்திலிருந்து வந்தது என்பதும் அறிவின் உறுப்பு என்பது இதனால் பெறப்படும். அறிவு பிறக்கும்போதே மெய்ம்மையோடு பிறக்கிறது, எதிர்ச்சான்று வந்தாலொழிய ஐயுற வேண்டியதில்லை என்று மீமாம்சகர் கொண்ட சுதப்பிராமாணியக் கொள்கை, அன்றாட வாழ்வின் காட்சிகளுக்கு முழுதும் பொருந்தும். அது இன்றி எவரும் ஒரு கவளம் உண்ணவும் முடியாது. மெய்ம்மை புறச்சான்றால் நிறுவப்பட வேண்டும் என்ற நியாயரின் பரதப்பிராமாணியமே போர்க்கருவியின் படத்துக்குப் பொருந்தும், ஏனெனில் அங்கே பொய்க்குக் காரணம் உண்டு. சான்றுக்குச் சான்று என்று முடிவில்லாமல் போகுமே என்பது மீமாம்சகரான குமாரிலரின் தடை. மூன்று நான்கு அறிவுகளுக்கு மேல் தேட வேண்டியதில்லை என்பது அவரே காட்டிய எல்லை. குறித்துச் சொல்லத்தக்க காரணம் உள்ளவரை ஐயுறுவதும், அது தீர்ந்தபின் நிறுத்துவதும் அறிவின் ஒழுக்கம். காரணமின்றி எல்லாப் படங்களையும் பொய்யென்று தள்ளுவது, எல்லாவற்றையும் நம்புவதற்கு இணையான சோம்பலே.

கணினி தானே உண்டாக்கும் படங்கள் பெருகிய இக்காலத்தில், அசல், போலி என்ற இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது நிலை ஒன்றும் சேர்ந்துவிட்டது: ஒளியைத் திருப்பிய பொருள் எதுவுமே இல்லாத படம். போலியுரு கூட எங்கோ ஓரிடத்தில் எடையோடு நின்றது. இங்கே நின்றது எதுவுமில்லை. இல்லாததே உள்ளதாகத் தோன்றுகிறது என்ற அசத்க்கியாதிக் கொள்கையை அதன் எதிரிகள் பொருந்தாது என்று எளிதில் தள்ளியதுண்டு. இனி அவ்வளவு எளிதில் தள்ள இயலாது.

இவற்றிலிருந்து பிறக்கும் துணிபு சமச்சீரானது அன்று. மி-24 என்று சொல்லப்படும் உருவின் சுழலியில் நான்கு தகடுகள் இருந்தால், அந்த ஒன்றே அது மி-24 அன்று என்பதற்குப் போதும். ஐந்து தகடுகளும், சாய்ந்த அச்சும், அமுங்கிய சக்கரமும், ஒத்துவரும் இன்னும் நூறு அடையாளங்களும் சேர்ந்தாலும் அது மி-24 என்பதற்குப் போதா, ஏனெனில் அசலாயிருத்தல் என்பது எந்த ஆலையில், எந்த வரைபடத்தின்படி, எந்த வேலைக்காகப் பிறந்தது என்ற வரலாறு, அந்த வரலாறு உருவத்தின் மேற்பரப்பில் எழுதப்படுவதில்லை. மறுக்கும் வலிமை படத்துக்கு உண்டு, நிறுவும் வலிமை இல்லை. அதனால் படத்தைப்பற்றித் தீர்ப்புச் சொல்பவர் தம் கூற்றோடு, படம் யாரால், எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்ற உரையளவையையும், அதாவது நம்பத்தகுந்தார் சொல்லையும், சேர்த்து வைக்கக் கடமைப்பட்டவர். அது கிட்டாதபோது, இது அசல் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை, அசலாயிருத்தல் பொருந்தும் என்று சொல்லும் அளவுக்கே உரிமை உண்டு.