ஒன்றாய், வேறாய், உடனாய்: களிப்பாறையில் தங்கும் வாயு

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், ஆரே ஆறு ஏரியை விட்டு வெளியேறும் இடத்தில் அமைந்த துன் நகரின் பெயரைத் தாங்கிய ஆழ்துளைக் கிணறு, 1980களின் இறுதியில் எரிவாயு தேடி ஏறத்தாழ 6,000 மீட்டர் வரை தோண்டப்பட்டது. ஆயினும் அந்நாட்டில் வணிக அளவில் வாயு எடுக்கப்பட்டது அண்டை மாநிலமான லூசர்னின் ஃபின்ஸ்டர்வால்டில் மட்டுமே, அதுவும் 1985 முதல் 1994 வரைதான். இத்தகைய தேடலுக்கு அடியில் பழைய மெய்யியல் வினா ஒன்று கிடக்கிறது: ஒரு பொருள் மற்றொன்றில் தங்குவதற்கு வெற்றிடம் இருந்தால் போதுமா, அன்றி இரண்டின் இயல்புக்கும் இடையே ஓர் இயைபு வேண்டுமா?

நுண்சேறு படிந்து, அழுந்தி, ஏடேடாக இறுகிய களிப்பாறை, அதாவது ஷேல், இதற்குத் தரும் விடை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதில் மீத்தேன் மூன்று வகையில் தங்குகிறது: துளைகளிலும் வெடிப்புகளிலும் கட்டற்றுத் திரிவது ஒன்று, துளைச்சுவர்களின் மேற்பரப்பில் ஒட்டி நிற்பது, அதாவது பரப்புக்கவர்ச்சியால் பிணைவது, மற்றொன்று, கெரோஜென் எனப்படும், பண்டைய உயிர்களின் எச்சமான கரிமப்பொருளுக்குள்ளேயே கரைந்திருப்பது மூன்றாவது. எந்த வகை மிகும் என்பதை அழுத்தமும் வெப்பமும் மட்டுமன்றிப் பாறையின் சேர்மானமும் முடிவு செய்கிறது. குவார்ட்ஸ் மிகுந்த பாறை விறைப்பானதாதலால் வெடிப்புகள் எளிதில் மூடிக்கொள்வதில்லை. கெரோஜெனோ புதையுண்டு சூடேறும்போது வாயுவை ஈன்று, அந்த மாற்றத்திலேயே தனக்குள் நானோமீட்டர் அளவிலான துளைகளையும் உண்டாக்கி, ஈன்றதில் ஒரு பகுதியைத் தானே பற்றிக்கொள்கிறது. களிக்கனிமங்களுக்கும் பரந்த மேற்பரப்பு உண்டு. ஆனால் அவை நீரை விரும்புவன, நீர் முந்திக்கொண்ட இடத்தில் மீத்தேன் ஒட்டுவது அரிது. ஆகவே துளைகளின் மொத்தக் கொள்ளளவு ஒன்றேயான இரு பாறைகள்கூட வெவ்வேறு அளவு வாயுவைத் தாங்கக்கூடும். வட சுவிட்சர்லாந்தின் ஓப்பலினஸ் களிப்பாறை, 17 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது, களி மிகுந்தும் கரிமம் குறைந்தும் இருப்பதால் வாயு ஈனும் பாறையாகக் கருதப்படாமல், எதையும் எளிதில் கசிய விடாத அரணாகவே மதிக்கப்படுகிறது; அணுக்கழிவைப் புதைக்க அந்நாடு அதனைத் தேர்ந்ததும் இதனாலேயே.

வெற்றிடம் மட்டும் போதாது, இயல்புகளின் இயைபும் வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது; எனில் அந்தக் கலப்பு எத்தகையது? துன்னிலிருந்து தொடர்வண்டியில் அரைமணிக்குள் சென்றடையும் பெர்னில், 2014இல் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்தில் கோயில் கொண்டு ஈழத்தமிழர் பேணிவரும் சைவ சித்தாந்தம், கலப்பு எத்தகையது என்ற இவ்வினாவையே வேறொரு தளத்தில் ஆராய்ந்தது. மெய்கண்டாரின் சிவஞானபோதத்து இரண்டாம் நூற்பாவுக்கு உரை கண்டோர், இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்பதாக விரித்தனர். கரைந்த வாயு ஒன்றாயும், திரியும் வாயு வேறாயும், ஒட்டிய வாயு உடனாயும் நிற்பதாகக் கொள்ளும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் சித்தாந்தம் கூறும் மூன்றும் ஒரே உறவின் மூன்று நோக்குகள், பாறையில் காண்பனவோ வெவ்வேறு மூலக்கூறுகளின் வெவ்வேறு நிலைகள். மேலும் இறை, உயிர் உறவு தொடக்கமற்றது, களிப்பாறையின் கலப்போ காலத்தில் தோன்றி, அழுத்தம் குறைந்தால் கலைவது. கிணறு திறந்தவுடன் திரியும் வாயு முதலில் வெளியேற, ஒட்டியதும் கரைந்ததும் பின்னர் மெல்லக் கசிவதால், விளைச்சல் தொடக்க ஆண்டுகளில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு பல ஆண்டுகள் மெலிந்து தொடர்கிறது. பிரிக்கத்தக்க இத்தகைய கலப்பை அத்துவிதம், அதாவது இறையும் உயிரும் பிரிவின்றி நிற்கும் அந்த உறவு, என்று சித்தாந்தி ஒருபோதும் ஒப்பமாட்டார்.