பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் தர்மம் எது?

உவரிக் கரையில் ஒரு பிள்ளை எதிர்பாராமல் போய்விட்டது என்று சேதி வந்தால், அது ஒரு வீட்டுத் துட்டியாக நிற்பதில்லை. கடலுக்குப் போகிறவர்கள் வள்ளத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். தேரிப் பக்கத்துப் பனங்காட்டு ஊர்களிலிருந்தும் ஆள் வருகிறது. அந்தோணியார் கோயில் தெருவார், சுயம்புலிங்க சுவாமி கோயில் பக்கத்தார், நிழல்தாங்கலில் பணிவிடை செய்கிற அன்புக்கொடி மக்கள் எல்லாரும் ஒரே முற்றத்தில் வந்து நிற்கிறார்கள். பெரியவர் ஒருவர் போனால் அவர் வாழ்ந்த வாழ்வைப் பற்றிப் பேச ஆயிரம் இருக்கும். பிள்ளையின் சாவில் பேச ஒன்றும் இருக்காது. பேச ஒன்றும் இல்லாத அந்த இடத்தில்தான் மனிதர் வாய் எதையாவது சொல்லிவிடுகிறது. அங்கே எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, என்ன செய்ய வேண்டும் என்பது தர்மத்தைப் பற்றிய கேள்வி.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் மாலை, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பாலகன் ஒருவன் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். முதலில் சுமார் 26 அடியில் நின்ற பிள்ளை, பிறகு இன்னும் கீழே நழுவிவிட்டான். பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டப் பெரிய எந்திரங்கள் வந்தன. பாறை வழிவிடவில்லை. இடையில் தீபாவளி வந்து போனது. தமிழகத்தில் எத்தனையோ வீடுகளில் பட்டாசைத் தொடவில்லை. கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் தாங்கல்களிலும் அந்த ஒரு பிள்ளைக்காகக் கை குவிந்தது. மீட்புக்கு ஒரு துணிப்பை வேண்டும் என்றபோது, பெற்ற தாயே தையல் மிஷினில் உட்கார்ந்து அதைத் தைத்துக் கொடுத்தாள். 29-ஆம் நாள் விடியுமுன் பிள்ளையின் உடல்தான் மேலே வந்தது.

அந்த நாட்களிலேயே, உவரியிலிருந்து வடக்கே இதே கடற்கரையில் உள்ள தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இன்னொரு வீட்டில் துயரம் நடந்தது. பெற்றோர் தொலைக்காட்சியில் நடுக்காட்டுப்பட்டி மீட்புப் பணியைக் கண்கலங்கப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர்களுடைய இரண்டு வயது மகள் குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனாள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். அடுத்தவர் பிள்ளைக்காக அழுதுகொண்டிருந்தவர்கள்.

இப்படிப்பட்ட துட்டி வீடுகளில் இரண்டு வகைப் பேச்சு எழுகிறது. ஒன்று, “எந்தச் சென்மத்துப் பாவமோ, தலையெழுத்து அவ்வளவுதான்” என்பது. மற்றொன்று, “பெத்தவ என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தா?” என்பது. முதல் பேச்சு முற்றத்தில் சத்தமாக நடக்கும். இரண்டாவது வேலியோரத்தில் மெதுவாக நடக்கும். மெதுவாகச் சொன்னதும் தாயின் காதுக்குப் போய்ச் சேராமல் இருப்பதில்லை. இரண்டும் வேறு வேறாகத் தோன்றினாலும் இரண்டும் தீர்ப்பே. ஒன்று பிள்ளையின் முற்பிறவிக்குத் தண்டனை எழுதுகிறது; மற்றது தாய்க்குத் தண்டனை எழுதுகிறது.

தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு? நடுத்தீர்ப்பு வைகுண்டப் பரம்பொருளுடையது என்று நம்புகிறவர்கள் அன்புக்கொடி மக்கள். யுகமுடிவில் அய்யா செய்ய வேண்டிய வேலையை, துட்டி வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவர்கள் எடுத்துச் செய்யலாமா? அந்தத் தாய் அன்று பகல் முழுதும் அடுப்புக்கும் ஆட்டுக்கும் கைப்பிள்ளைக்கும் இடையில் எத்தனை முறை ஓடினாள் என்பது அய்யாவுக்குத் தெரியும். வேலியோரத்தில் பேசுகிறவர்களுக்குத் தெரியாது.

இதில் இன்னொரு நியாயமும் உண்டு. அய்யா அவதரித்த காலத்தில் திருவிதாங்கூர்ச் சீமையில் எளிய மக்கள் தலைக்கு வரி கட்டினார்கள், பனைக்கு வரி கட்டினார்கள். பெண்கள் தோள்சீலை போடக் கூடாது. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது. ஏன் இந்தக் கொடுமை என்று கேட்டால், “முற்பிறவியில் செய்த வினை, அதனால் இந்தப் பிறப்பு” என்று பதில் வந்தது. அய்யா அந்தப் பதிலை ஏற்கவில்லை. அது கலியின் செயல், நீசனின் செயல் என்று வெளிப்படையாகச் சொன்னார். தலைப்பாகை கட்டி வந்து வணங்கச் சொன்னார். பட்ட துன்பத்துக்கெல்லாம் வினை என்று பெயர் சூட்டப்பட்டு, அந்தப் பெயரிலிருந்து அய்யாவால் மீட்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், பிள்ளையை இழந்த இன்னொருத்தியின் துன்பத்துக்கு அதே பெயரைச் சூட்டுவது தகுமா?

தாயே தன் வாயால் “என் விதி” என்று சொல்லி அழுதால், அவளோடு யாரும் வாதாட வேண்டாம். அவள் வாயில் அது அழுகை. வந்து நிற்பவர் வாயில்தான் அது தீர்ப்பாகிவிடுகிறது.

அப்படியானால் யார் மீதும் குற்றமே இல்லையா, நடந்ததெல்லாம் நடக்க வேண்டியதுதானா என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. தீர்ப்பை அய்யாவிடம் விட்டவர்கள் தர்மத்தையும் சேர்த்து விட்டுவிட முடியாது. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்கிக் காப்பது தர்மம் என்பது அய்யா வழியின் வேர். ஓர் ஊரில் எல்லாரையும்விடத் தாழ்வான இடத்தில் இருப்பது அந்த ஊர்ப் பிள்ளைதான். இடுப்பளவு உயரம்கூட இல்லாத அதற்குக் கிணறு இன்னதென்று தெரியாது, கடலின் உள்ளிழுப்புத் தெரியாது, சுவரின் விரிசலைப் படிக்கத் தெரியாது. அதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் பெரியவர்கள்.

கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றைக் களிமண், மணல், கல் கொண்டு தரைமட்டம் வரை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே நெறி வகுத்தது. ஒன்பது ஆண்டு கழித்தும் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு பிள்ளையின் உடல் நுழையும் அளவுக்கு ஒரு துளை திறந்து கிடந்தது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் நாள் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் மாண்ட பிறகுதான் பள்ளிக்கூடங்களின் கூரை ஓலைகள் இறங்கின. நெல்லையில் 2021 டிசம்பர் 17-ஆம் நாள் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் தமிழகமெங்கும் பழுதான பள்ளிக் கட்டடங்களைத் தேடி இடிக்க உத்தரவு பறந்தது. இவற்றையெல்லாம் விதி என்று மூடிவிட்டால், அடுத்த பிள்ளைக்கும் அதே குழியைத் திறந்து வைத்ததாக ஆகும். ஒரு தாயின் தலையில் மட்டும் சுமத்தினாலும் அதே முடிவுதான். தாய்தான் காரணம் என்று ஊர் சொல்லிவிட்டால், ஊர் கிணற்றை மூட வேண்டியதில்லையே!

சுவாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றை அன்புக்கொடி மக்கள் அனைவரும் அறிவர். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல் சாதி பிரித்து வைத்த காலத்தில், எல்லாரும் ஒன்றாகக் குளிக்கவும் ஒன்றாகப் பருகவும் அய்யா தந்த கிணறு அது. எல்லாருக்கும் உரிய கிணறு எல்லாருடைய பொறுப்பும் ஆகும். உன் தோட்டத்துக் கிணறு, என் தோட்டத்துக் கிணறு என்று பிரித்துப் பேசலாம். பிள்ளைக்கு அந்தப் பிரிவு தெரியாது. அது விளையாடப் போகிற இடமெல்லாம் அதற்கு ஊர்தான்.

துயரத்துக்கு இனி எந்த ஆறுதலைச் சொல்வது? கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசி மாதம், நோயுற்ற மகனைத் திருச்செந்தூருக்குக் கொண்டுவந்தாள் தாய் வெயிலாள். மகன் கடலுக்குள் போனான். அவள் கரையில் தவித்து நின்றாள். மூன்றாம் நாள் எழுந்து வந்தவர், தாம் இனி அவளுடைய மகன் அல்ல, நாராயணரின் மகன் என்று உரைத்தார். இந்தக் கதையைத் திருஏடு வாசிப்பில் கேட்கும்போது, அந்தத் தாய் கரையில் அழுததை எந்தத் தாங்கலிலும் யாரும் குறையாக எண்ணுவதில்லை. அவதார ரகசியம் நடந்த இடத்திலேயே தாயின் அழுகைக்கு இடம் இருந்தது. அப்படியிருக்க, உவரிக் கரையில் அழுகிற தாயை “அழாதே, அய்யாவை நம்பினவ அழலாமா” என்று அதட்டுவது எந்த நியாயம்? நம்பிக்கை உள்ளவர்களும் அழுவார்கள். வெயிலாளுக்கு மூன்றாம் நாள் கிடைத்தது. மற்றத் தாய்மாருக்கு அது கிடைப்பதில்லை. அந்த வேறுபாட்டை இனிப்பான வார்த்தை பூசி மறைக்க வேண்டாம்.

ஆனால் அய்யா வழியில் இறந்தவர் உடலை எரிப்பதில்லை. வடக்கு முகமாக, நாமம் சாற்றி, மண்ணில் அடக்கம் செய்கிறார்கள். தர்மயுகம் பிறக்கும் வரை தவத்தில் இருப்பதாகவே அந்த அடக்கம் கருதப்படுகிறது. பிள்ளையை மண்ணில் வைக்கிற தகப்பனுக்கு இந்த ஒரு நினைவு போதும். அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அவன் பக்கத்தில் நின்றால் போதும்.

நிற்பது என்றால் என்ன? அந்த வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பது. தாங்கலில் அன்னதர்மம் நடக்கும்போது அந்தத் தகப்பனையும் தாயையும் தேடிப்போய் அழைத்துவந்து உட்கார வைப்பது. மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஒரு மைனியோ சித்தியோ முன்வருவது. பதினாறாம் நாளோடு மறந்துவிடாமல், அடுத்த ஆண்டு அதே நாளில் போய் வாசலில் உட்காருவது. பிள்ளையின் பெயரைச் சொல்லத் தாய் தொடங்கினால் பேச்சை மாற்றாமல் கேட்பது. இவற்றோடு, அந்த வாரமே ஊரார் பத்துப் பேர் கூடி நடந்து, கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, மூடாத குழி, சாய்ந்த சுவர், தாழ்ந்து தொங்கும் மின்கம்பி எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பது. சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்து, முடியாததை உரியவரிடம் கொண்டுபோவது. இறந்த பிள்ளைக்கு ஊர் செய்யும் பணிவிடையில் இதுவும் ஒன்று.

பதியின் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. வணங்க வருகிறவர் அதில் தன்னையே காண்கிறார். துட்டி வீட்டில் “யார் செய்த குற்றம்?” என்ற கேள்வி நாவில் வரும்போதும் அந்தக் கண்ணாடியை நினைத்துக்கொள்வது நல்லது. “நான் கடந்துபோன வழியில் திறந்து கிடந்த குழி எது?” என்று தன்னைக் கேட்டுக்கொண்டவர், அந்தத் தாயைக் கேள்வி கேட்கமாட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தக் குழியை மூடிவிட்டுப் போவார்.

அய்யா உண்டு.