வந்து இறங்கிய இடம்

போர்ட் லூயி போய் வந்து மாதங்கள் ஆகிவிட்டன. பார்த்ததில் பாதி இப்போதே மங்கிவிட்டது. ஒரு வயதான அம்மா குனிந்து தன் செருப்பின் வாரை அவிழ்த்தது மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அது சாதாரண ரப்பர் செருப்பாக இருந்திருந்தால் நான் கவனித்தே இருக்க மாட்டேன். நம்மில் யார்தான் ரப்பர் செருப்பை யோசித்துக் கழற்றுகிறோம்? அவர் போட்டிருந்தது கணுக்காலைச் சுற்றி வாரும், பக்கவாட்டில் சின்னப் பித்தளை பக்கிளும் வைத்த செருப்பு. அதைக் கழற்ற வேண்டுமென்றால் ஒரு கையால் சுவரைப் பிடிக்க வேண்டும், குனிய வேண்டும், பக்கிளின் ஊசியை ஓட்டையிலிருந்து விடுவிக்க வேண்டும். எழுபதைத் தாண்டிய உடம்பு. உடன் வந்த பேத்தி தோளைக் கொடுத்தாள். ஒரு கால் முடிந்ததும் அடுத்த கால். பிறகு வெயிலில் காய்ந்து கிடந்த கருங்கல் தரையில் வெறுங்காலோடு நின்றார். அங்கே காலணியைக் கழற்றச் சொல்லி எந்தப் பலகையும் இல்லை. வேறு யாரும் கழற்றவும் இல்லை.

இடம், மொரீஷியஸின் தலைநகரான போர்ட் லூயியின் துறைமுகத்தை ஒட்டிய ஆப்ரவாசி காட். கடலிலிருந்து கரைக்கு ஏறும் 16 கற்படிகள், சில கட்டடங்களின் மிச்சம், அவ்வளவுதான். கால் ஹெக்டேர் கூட வராது. 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏறக்குறைய 5 லட்சம் பேர் அந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கல்கத்தாவிலிருந்து வந்தார்கள், பம்பாயிலிருந்து வந்தார்கள், நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் ஏறி வந்தார்கள். 1849இல் இந்தக் குடியேற்றக் கிடங்கு அமைந்த பிறகு வந்தவர்கள் ஏறியது இந்தப் படிகளில்தான். ஓரிரு நாள் இங்கே தங்கவைத்து, பெயரை எழுதி, எண் கொடுத்து, கரும்புத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். 2006இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

நான் ஷார்ஜாவில் ரோலாவை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருக்கிறேன். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஈத் விடுமுறையில் நண்பர்கள் ஜார்ஜியாவுக்கும் அஜர்பைஜானுக்கும் போவார்கள். எனக்குக் கடல் பிடிக்கும் என்பதால் மொரீஷியஸ். துபாயிலிருந்து ஆறரை மணி நேரம் விமானத்தில். போர்ட் லூயி சின்ன ஊர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் நடந்தே பார்த்துவிடலாம். மத்தியச் சந்தையில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே பருப்பு வடையின் மணம் வந்தது. அங்கே அதற்குப் பெயர் காத்தோ பிமா. புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847இல் வெளியான இரண்டு தபால்தலைகளை வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று மணிக்குச் சில நிமிடங்கள் மட்டுமே அசல் தபால்தலைகளின் மேல் விளக்கு எரிகிறது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டோடோ பறவையின் எலும்புக்கூடு. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து. இதையெல்லாம் ஊருக்குப் போன் செய்து சொன்னேன். அந்த அம்மாவைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் அதில் என்ன இருந்தது என்று எனக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

பேத்தி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று. ஷார்ஜா என்றேன். "துபாயா?" என்றாள். ஆமாம், பக்கத்தில், ஆனால் சொந்த ஊர் தமிழ்நாடு என்றேன். அவள் அதைக் கிரியோலில் பாட்டிக்குச் சொன்னாள். அந்த அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மெட்ராஸ்" என்று மட்டும் சொன்னார். நெற்றியில் குங்குமம். தமிழ் வராது போலிருக்கிறது. பிறகு படிகளின் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்தப் படிகளில் இப்போது அலை அடிப்பதில்லை. முன்னால் நிலம் தூர்த்துவிட்டார்கள். பழைய கிடங்கு வளாகத்தின் நடுவே நெடுஞ்சாலை போகிறது. லாரி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு வெறுங்கால் ஜோடி.

பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களைப் பற்றிப் பாரதி எழுதியது எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமாக இருந்ததாக நினைவு. வரிகள் இப்போது மனத்தில் இல்லை. பாடம் எடுத்த தமிழய்யாவின் குரல் கம்மியதுதான் நினைவிருக்கிறது. அந்த வயதில் நான் புரிந்துகொண்டது, தீவுக்குப் போனவர்கள் அழுதுகொண்டே போனார்கள், அழுதுகொண்டே அங்கேயே முடிந்துபோனார்கள் என்று. அவர்களுக்குப் பேரன் பேத்தி உண்டு, அந்தப் பேத்தி பாட்டிக்குத் தோள் கொடுப்பாள், செல்போனில் படம் எடுப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போனவர்களின் கதையை நாம் கரையில் நின்றபடியே சொல்லிப் பழகிவிட்டோம். கப்பல் கண்ணிலிருந்து மறைந்ததும் நம் கதை முடிந்துவிடுகிறது. அவர்கள் கதை இறங்கிய இடத்தில்தான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டிலேயே இப்படி ஒரு கதை உண்டு. தாத்தாவின் தம்பி ஒருவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போனார். முதலில் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஆடி அமாவாசையன்று படையல் போடும்போது அவருக்கும் சேர்த்து இலை போடுவதா வேண்டாமா என்று ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் ஆண்டுதோறும் வாக்குவாதம் நடக்கும். உயிரோடு இருப்பவனுக்கு இலை போட்டால் ஆயுள் குறையும் என்பார் தாத்தா. செத்துப்போயிருந்தால் பட்டினியாகக் கிடப்பானே என்பாள் ஆச்சி. கடைசியில் ஒரு கைப்பிடி சோற்றை இலை இல்லாமல் திண்ணையோரம் வைப்பார்கள், காக்கைக்கு என்று பெயர் சொல்லி. சிறுவனாக நான் ஆச்சியிடம் கேட்டிருக்கிறேன்: சின்னத் தாத்தா கப்பலிலிருந்து எந்த இடத்தில் இறங்கினார்? ஆச்சிக்குத் தெரியவில்லை. அவள் அறிந்ததெல்லாம் அவர் ஏறிய இடம்தான். நாகப்பட்டினம் போனால் கடற்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிற்பாள்.

ஆப்ரவாசி காட்டில் நின்ற அம்மா இதற்கு நேர் எதிர். அவருக்கு ஏறிய இடம் தெரியாது. மெட்ராஸ் என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம். இறங்கிய இடம் தெரியும், ஆகவே செருப்பைக் கழற்றினார். இப்படி எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு சில வாரங்கள் நிம்மதியாக இருந்தேன். பிறகு இக்காவின் நினைவு வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டது.

இக்கா எங்கள் அறையில் முன்பு இருந்த மலையாளப் பெரியவர். 1960களில் எமிரேட்டுகளுக்கு வந்தவர்களில் ஒருவர். அந்தக் காலத்தில் கேரளக் கரையிலிருந்து மரக்கலங்களில், லாஞ்சிகளில், காகிதம் எதுவும் இல்லாமல் வந்தார்கள். பலரைக் கோர்ஃபக்கான் கரையோரத்தில் கடலிலேயே இறக்கிவிட்டு, அதோ தெரிவதுதான் கரை, நீந்திப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் படகு திரும்பிவிடும். கோர்ஃபக்கான் ஷார்ஜாவைச் சேர்ந்த ஊர்தான், ஓமான் வளைகுடாப் பக்கம் இருக்கிறது. இன்று அழகான கடற்கரை, நடைபாதை, குழந்தைகளுக்கு ஊஞ்சல். ஒரு விடுமுறை நாளில் வண்டி பிடித்துச் சிலர் போனோம். இக்காவும் வந்தார். தான் நீந்திக் கரையேறிய இடத்தைப் பார்க்கத்தான் வந்தார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். இறங்கிய இடம் எது என்று ஆவலாகக் கேட்டோம். அவர் கையை நீட்டி, "இங்கேதான் எங்கேயோ" என்றார். ஷூவைக் கழற்றவில்லை. மணலில் கூட இறங்கவில்லை. எங்களைப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து, "வா மோனே, போகலாம், வெயில் ஏறுது" என்றார்.

தானே நீந்தி வந்தவர் அந்தக் கடலைத் திரும்பிப் பார்க்க விரும்பவில்லை. படியேறி வந்தவர்களை ஒருநாளும் பார்த்தறியாத அந்த அம்மாவோ, அவர்களின் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ, அந்தப் படியைக் கோயில் வாசலாக்கி நிற்கிறார். இதில் எதை மரியாதை என்பது? ஒப்பந்தக் கூலியாக அந்த 16 படிகளை ஏறிய ஒருவர் பிழைத்து வயதாகி அங்கே ஒருநாள் திரும்ப வந்திருந்தால் அவரும் இக்காவைப் போலத்தான், வெயில் ஏறுது என்று சொல்லியிருப்பாரோ? அவர் மறக்க நினைத்ததை நாம் வணங்குகிறோமா? அப்படியானால் அந்த வணக்கம் யாருக்கு?

ஊர் பார்ப்பது என்பது என்ன என்று இதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. ரோலாவைப் பார்க்கவும் ஆட்கள் வருகிறார்கள். இங்கே ஒரு பெரிய ஆலமரம் இருந்தது. ஆலமரத்துக்கு இந்தப் பக்கத்தில் ரோலா என்று பெயர். பெருநாள் என்றால் அதன் கிளைகளில் ஊஞ்சல் கட்டி ஆடுவார்களாம். 1978இல் மரம் பட்டுப்போனது. அதன் நினைவாகச் சதுக்கத்தில் ஒரு சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் பேங்க் ஸ்ட்ரீட்டில் அல் ஹிஸ்ன் கோட்டை, 1820களில் கட்டியது. 1970 வாக்கில் அதை இடிக்கத் தொடங்கியபோது கெய்ரோவில் படித்துக்கொண்டிருந்த இளைஞர் சுல்தான் பின் முகமது அல் காசிமி செய்தி கேட்டு ஓடிவந்து மிஞ்சிய கோபுரத்தைக் காப்பாற்றினார். கதவுகளையும் ஜன்னல்களையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார். அவரே பின்னால் ஷார்ஜாவின் ஆட்சியாளரானார், 1990களில் கோட்டையைத் திரும்பக் கட்டினார். இன்று நாம் அதை டிக்கெட் எடுத்துப் பார்க்கிறோம். ஒரு கல் பார்க்கத்தக்க இடமாக மாறுவதற்கு அதன்மேல் உரிமையுள்ள ஒருவர் ஓடிவர வேண்டியிருக்கிறது.

மரத்துக்குச் சின்னம் இருக்கிறது, கோட்டைக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. சதுக்கத்தின் புல்லில் பேப்பரை விரித்து உட்காருகிறவர்களுக்கு? இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ரோலாவுக்கு வந்தால் தெரியும். இன்ன மாவட்டத்துக்காரர்கள் இன்ன மூலை. புதிதாக வந்தவனை அழைத்துவந்து ஊர்க்காரர்களுக்குக் காட்டுவதும் இங்கேதான், விசா கேன்சல் ஆகிப் போகிறவனை வழியனுப்புவதும் இங்கேதான். கம்பெனி சம்பளம் தாமதித்த மாதத்தில் ஐம்பது திர்ஹம் கைமாற்றாகக் கிடைப்பதும் இங்கேதான். எத்தனையோ வீடுகளின் மாடி இந்தப் புல்லின் மேல் எழும்பியது. ஆனால் நாம் யாரும் இங்கே தங்கப் போவதில்லை. விசா முடிந்தால் கிளம்ப வேண்டும். நம் பேத்தி இந்த நாட்டில் பிறந்து வளர்ந்து, ஒருநாள் கிழவியாகி, ரோலா சதுக்கத்தில் வந்து செருப்பின் வாரை அவிழ்க்கப் போவதில்லை. இதுதான் மொரீஷியஸ் கப்பலுக்கும் நம் விமானத்துக்கும் உள்ள பெரிய வேற்றுமை. அவர்களுக்குத் திரும்பும் வழி எளிதாக இருக்கவில்லை, ஆகவே இறங்கிய இடம் சொந்தமானது. நமக்குத் திரும்பும் வழி திறந்தே இருக்கிறது. அது எவ்வளவு பெரிய பேறு என்று அறிவேன். அவர்களுடைய துயரத்தோடு நம்முடையதை ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனாலும் பணம் ஊருக்குப் போய்ச் சேர்கிறது, உடம்பும் ஒருநாள் போய்ச் சேர்கிறது, நடுவில் கழிந்த இருபது முப்பது வருடம் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

மொரீஷியஸில் மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் அங்கேதான். பெயர், எண், வந்த கப்பல், சொந்த ஊர், பலருக்குப் புகைப்படமும் உண்டு. அந்நாளைய அரசாங்கம் அதை அன்பினால் எழுதி வைக்கவில்லை. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிப்பதற்காக எழுதியது. இன்று அந்த ஏட்டைப் புரட்டித்தான் பேரப்பிள்ளைகள் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். கட்டிவைக்க எழுதிய ஏடு வீட்டுச் சொத்தாகிவிட்டது. இதை நினைத்தபோதுதான் இக்காவின் பத்தாக்கா ஞாபகம் வந்தது. லேபர் கார்டைத்தான் அப்படிச் சொல்வோம். கடைசியாக ஊருக்குக் கிளம்பும்போது பழைய பத்தாக்காக்களை ஒரு ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருந்தார். எதற்கு இக்கா என்றதற்கு, "கிடக்கட்டும்" என்றார். கடலைப் பார்க்க மறுத்தவர் அட்டைகளை விடவில்லை. ஆகவே அவரைப் பற்றி நான் போட்டிருந்த கணக்கும் சரியில்லை.

அந்த அம்மா செய்தது சரியா, இக்கா செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே ஒன்றுதானோ என்றும் சில சமயம் தோன்றுகிறது. வளைகுடாவில் கழித்த வருடங்களைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டுமா, தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்கு நல்லதா என்பதிலும் எனக்கு உறுதியில்லை. ஆனால் தெரிந்துகொள்ள நினைக்கும் ஒரு பிள்ளைக்கு ஆச்சியைப் போல ஏறிய இடம் மட்டும் மிஞ்சக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். முதல் விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். அதற்குள் ஒரு காகிதத்தில், இந்த நாட்டில் முதல் இரவு படுத்த தெருவின் பெயரையும், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களின் பெயரையும் எழுதி வையுங்கள்.