நாட்பட்ட நோயும் தடுப்பூசி வரிசையும்

பற்றாக்குறையான ஒரு மருந்தைச் சமுதாயம் பங்கிட நேரும்போது, அதனால் மிகுந்த பலன் அடையக்கூடியவருக்கு முதலில் கொடுப்பதா, அது கிடைக்காவிட்டால் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகிறவருக்கு முதலில் கொடுப்பதா என்ற கேள்வி பெரும்பாலான நோயாளிகளைப் பொறுத்தவரை எழுவதே இல்லை. ஏனெனில் அந்த இருவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருக்கின்றனர். நாட்பட்ட இரத்தப் புற்றுநோயோடு வாழ்கிறவர்களிடத்தில்தான் பலனும் ஆபத்தும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, எதிரெதிர்த் திசைகளில் நிற்கின்றன. தொற்று அவர்களைக் கொல்வதற்கு எது காரணமோ, அதுவே தடுப்பூசி அவர்களிடம் பலிக்காமல் போவதற்கும் காரணமாகிறது. இத்தகையவருக்கு வரிசையில் எந்த இடத்தைத் தருவது நியாயம்?

மலேசியாவில் இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2021 பிப்ரவரி 21-ஆம் நாள் ஃபைசர் கோவிட் தடுப்பூசியின் முதல் தொகுதியாக 312,390 ஊசிகள் வந்திறங்கின. மூன்று நாட்கள் கழித்து அன்றைய பிரதமர் முகைதீன் யாசின் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு தேசியத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதற்கட்டம் முன்களப் பணியாளர்களுக்கென்றும், ஏப்ரலில் தொடங்கிய இரண்டாம் கட்டம் அறுபது வயது நிறைந்தோர், நாட்பட்ட நோயுடையோர், மாற்றுத்திறனாளிகள் ஆகிய ஏறத்தாழ 94 லட்சம் பேருக்கென்றும், மூன்றாம் கட்டம் ஏனைய பெரியவர்களுக்கென்றும் வகுக்கப்பட்டது. அந்த ஆண்டு பிறந்தபோது நாட்டில் ஐந்நூறுக்கும் குறைவாக இருந்த கோவிட் மரணங்கள் ஆண்டு முடிவதற்குள் 31,000-ஐத் தாண்டிவிட்டன என்பதை நினைவிற்கொண்டால், வரிசையில் ஒரு மாதம் முந்துவதும் பிந்துவதும் சில குடும்பங்களுக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்பது விளங்கும்.

ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் செல்லும் வழியில் இருக்கும் செமோரைப் போன்ற ஓர் ஊரில் வைத்து இதனைச் சிந்திப்பது பொருத்தமாகும். ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்த நிலங்களில் இன்று தாமான்கள் எழுந்திருக்கின்றன. மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் லாரி வேலைக்குமாகச் சென்று வருகின்றனர். பேராக் மாநிலத்தின் தலைமை மருத்துவமனையான ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை ஈப்போவில் இருந்தாலும், இரத்த நோய்களுக்கான தேசிய மையம் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், கோலாலம்பூரை அடுத்த அம்பாங்கில் இருக்கிறது. இவ்வூரில் ஒருவருக்கு நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் இருப்பது பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமலே போகக்கூடும். 2001-இல் இமாடினிப் என்ற மாத்திரை வந்தபின், நாட்பட்ட மயலாய்டு வகை நோயுடையவர் நாள்தோறும் மாத்திரை விழுங்கிக்கொண்டு, பல்லாண்டுகள் வேலைக்குப் போய், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்து வாழ்கிறார். லிம்ஃபோசைட் வகை நோயுடையவரோ, மருந்தே இல்லாமல், அவ்வப்போது இரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டு மட்டும் சில ஆண்டுகள் கழிப்பதுண்டு. மூப்பும் ஊனமும் கண்ணுக்குத் தெரியும், இந்நோய் தெரிவதில்லை. ஆதலால் இவர் முன்வரிசையில் நின்றால் திடகாத்திரமான மனிதர் ஏதோ செல்வாக்கினால் முந்திக்கொண்டார் என்ற சந்தேகம் எழுவது இயல்பே. 2021 பிப்ரவரியில் அர்ஜென்டினாவின் சுகாதார அமைச்சர், வேண்டியவர்களுக்கு வரிசை தாண்டி ஊசி போடப்பட்ட குற்றச்சாட்டில் பதவி விலகினார் என்பதை எண்ணினால், அந்தச் சந்தேகத்தை முழுவதும் பழிப்பதற்கும் இல்லை.

முன்னுரிமைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசி தானாக எவரையும் காப்பதில்லை; அது உடலுக்குப் பகைவனை அடையாளம் காட்ட, உடல்தான் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. அப்பொருளை உண்டாக்கும் உயிரணுக்களின் குலத்திலேயே நோய் புகுந்துவிட்ட ஒருவரிடம், அல்லது அந்த உயிரணுக்களையே அழிக்கும் மருந்தை உட்கொள்ளும் ஒருவரிடம், அந்தப் பாடம் பதிவது அரிது. 2021 ஏப்ரலில் இஸ்ரேலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், லிம்ஃபோசைட் வகை நோயுடைய 167 பேருக்கு ஃபைசர் ஊசி இரண்டு முறை போட்ட பிறகும், எதிர்ப்புப் பொருள் தோன்றியவர்கள் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் சற்றுக் குறைவே. சிகிச்சையில் இருந்தவர்களுள் அது நூற்றுக்குப் பதினாறாக இறங்கிற்று. அந்த உயிரணுக்களை அழிக்கும் ரிடுக்ஸிமாப் போன்ற மருந்தை முந்தைய ஓராண்டுக்குள் பெற்றவர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அப்படியானால், பலிக்குமா என்பது ஐயத்துக்குரிய உடலில் ஓர் ஊசியைச் செலவிட்டு, பலிப்பது ஏறக்குறைய நிச்சயமான உடலுக்கு அதனை மறுப்பது, பற்றாக்குறைக் காலத்தில் அநியாயமல்லவா என்று கேட்பவர் கொடியவரல்லர். அவரும் உயிர்களையே எண்ணுகிறார்.

ஆயினும் அவருடைய கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது. 2020-இல் பல நாடுகளின் ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, கோவிட் கண்டு மருத்துவமனையில் சேர்ந்த இரத்தப் புற்றுநோயாளிகளான பெரியவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்திருந்தனர். இவ்வளவு பெரிய ஆபத்தில் ஒரு சிறு பகுதியைக் குறைத்தாலும், அந்தச் சிறு பகுதி ஆரோக்கியமான இளைஞர் ஒருவரின் முழு ஆபத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். மேலும், இரத்தப் புற்றுநோய் என்ற ஒரே பெயரின் கீழ் அடங்குவோர் ஒரே தன்மையினர் அல்லர்: மயலாய்டு வகையினரிடம் ஊசி பெரும்பாலும் நன்றாகவே பலித்தது.

கணக்கு அவர் பக்கமே சாய்ந்தாலும், அதற்குமேல் ஒன்று இருக்கிறது. எந்த உடல் நல்ல விளைவைத் தருமோ அந்த உடலுக்கே மருந்து என்ற நியாயம் பேராக் தோட்டப்புறத்து மக்களின் முன்னோர்க்கு அந்நியமானதன்று. மலேரியா மலாயாவின் தோட்டங்களைச் சூறையாடிய காலத்தில், விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தப்பட்ட தொழிலாளிகளுக்குக் கொயினா கொடுக்கப்பட்டது; பல உயிர்களை அது காத்தது என்பதை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். ஆனால் பெரட்டில் நிற்க முடிந்தவன் உழைக்கும் கையாக எண்ணப்பட்டான். எழ முடியாமல் லயத்தில் கிடந்தவனுக்கு அன்றைய கூலியும் இல்லை. மனிதனை அவன் தரும் பலனால் அளக்கிற அளவுகோல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நூல்களில் படித்து அறிய வேண்டிய நிலையில் அவர்களுடைய சந்ததியார் இல்லை. அதே மக்கள் வேறொரு நியாயத்தையும் கண்டவர்கள். பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதால் குடும்பங்கள் வேலையும் கூரையும் இழந்து நின்றபோது, செமோரை அடுத்த சுங்கை சிப்புட்டின் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தொழிலாளர்கள் தங்கள் சொற்ப வருமானத்திலிருந்து சிறுகச் சிறுகப் பணம் கட்டினார்கள். தன் தோட்டம் அன்று விலைபோகாதவனும் கட்டினான். ஆபத்து இன்று தன்மேல் இல்லாதவன், ஆபத்து இன்று வந்துவிட்டவனுக்காகத் தன் முறையைச் சற்றுத் தள்ளிவைத்துக்கொள்வதுதான் தடுப்பூசி வரிசையில் கேட்கப்படுவதும்.

இதனால் நோயாளிக்கு உடனே ஊசி போட்டே தீர வேண்டுமென்று வாதிப்பதாகக் கொள்ளலாகாது. ரிடுக்ஸிமாப் பெற்றவருக்கு நாளைத் தள்ளிப்போட்டால் நன்றாகப் பலிக்கும் என்று மருத்துவர் கருதினால், அது அந்த நோயாளியின் நன்மைக்காகச் செய்யப்படும் தாமதம். அவரிடம் பலன் குறைவு, ஆகவே வேறொருவரை அழைப்போம் என்பது அவரைக் கைவிடுதல். இரண்டிலும் ஊசி அன்று போடப்படாமல் போகலாம், வெளித்தோற்றம் ஒன்றே. ஆனால் முதல்வகையில் அவருடைய இடம் அவருக்காகவே காத்திருக்கிறது. அறம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பலனும் ஆபத்தும் பிரிந்து நிற்கும் இந்தச் சிக்கலுக்கு வழி, தனி உடலை விட்டுக் குடும்பத்தை நோக்கும்போது தெரிகிறது. திருவள்ளுவர் மருத்துவத்தின் அங்கங்களை எண்ணும்போது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தாமல், அருகிருந்து பணிவிடை செய்பவரையும் சேர்த்து நான்காக்கினார். அந்த நான்காமவரை நவீன ஆட்சிமுறை பெரிதும் மறந்தே போயிற்று. செமோரில் அத்தகைய நோயாளி ஒருவர் தம் மகன், மருமகளோடு வாழ்வதாக வைத்துக்கொண்டால், அவர் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தாலும், தொழிற்சாலையிலிருந்து மாலையில் திரும்பும் மகனுடைய மூச்சே அவருக்கு வெளியுலகமாகிறது. தந்தையிடம் பலிப்பது சந்தேகம். மகனிடம் பலிப்பது உறுதி. ஆகவே மகனுக்குப் போடும் ஊசியில் பலனை நாடுவோரின் நியாயமும் ஆபத்தை நோக்குவோரின் நியாயமும் ஒன்றுகூடுகின்றன. பிரிட்டனின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, 2021 மார்ச் 29 அன்று, எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியவர்களோடு ஒரே வீட்டில் வாழும் பெரியவர்களுக்கும் முன்னுரிமை தருமாறு பரிந்துரைத்தது. அது சலுகையன்று, நோயாளிக்குரிய மருந்தை, அது வேலை செய்யக்கூடிய இடத்தில் செலுத்துவதேயாகும். ஒரே வீட்டுக்கு மூன்று ஊசிகள் போகையில் தனியே வாழும் முதியவர் காத்திருக்க வேண்டுமா என்ற ஆட்சேபம் உண்மையானது. கடுமையான குறைவுடையவர்களின் வீடுகளுக்கு மட்டும் இதனை வரையறுப்பதே அதற்கு விடை. அப்படி வரையறுத்தால் அந்த வீடுகளின் தொகை சிறிது.

தொகையைப் பற்றிய இந்தக் கவலை மலேசியத் திட்டத்தின் இரண்டாம் கட்ட அமைப்புக்கும் பொருந்தும். 2019-இன் தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் நூற்றுக்கு முப்பது பேருக்கு உயர் இரத்த அழுத்தமும், பதினெட்டுப் பேருக்கு நீரிழிவும் இருந்தன. நாட்பட்ட நோய் என்ற ஒரே கூடைக்குள் இவர்களோடு இரத்தப் புற்றுநோயாளியையும் வைத்தால், அவருக்குக் கொடுத்த முன்னுரிமை பெயரளவில் இருக்கும், பயன் இராது. பிரிட்டன் மிகக் கடுமையான ஆபத்துடையோரைத் தனியே பிரித்து, எழுபது வயது கடந்தவர்களோடு ஒரே நிலையில் வைத்தது. இந்தியாவோ 2021 மார்ச் மாதத்தில் லுக்கீமியாவை நோய்ப்பட்டியலில் சேர்த்தும், நாற்பத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட நோயாளிகளை மே மாதம்வரை வெளியே நிறுத்தியது. நாட்பட்ட மயலாய்டு நோய் இந்தியரிடையே வேலை செய்யும் வயதிலேயே அடிக்கடி காணப்படுவது என்பதனால், இந்த வயதுக்கோடு யாரைக் காக்க வரையப்பட்டதோ அவர்களில் பலரையே வெட்டிவிட்டது.

நுட்பமாகப் பிரிப்பதிலும் ஒரு தீமை உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கடிதம், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பயணம், ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் கூலி. தடுப்பூசிக்கு மலேசியாவின் மைசெஜாதெரா செயலியில் பதிந்து, அழைப்பு வருவதைக் கவனித்து, குறித்த நாளில் ஊசி மையத்துக்குப் போய்ச் சேர்வது படித்த இளைஞனுக்கு எளிதாக இருந்தது. தோட்டத்தில் பிறந்து, கைப்பேசியைப் பேசுவதற்கு மட்டும் பயன்படுத்தும் முதியவளுக்கு எளிதாக இருக்கவில்லை. ஏட்டில் நியாயமாக எழுதப்பட்ட வரிசை, நடைமுறையில் கெட்டிக்காரர்களின் வரிசையாகிவிடக்கூடும்.

மூன்றாவது ஊசி வந்தபோது இப்பிரச்சினை உலகளவில் விரிந்தது. ஏழை நாடுகளில் முதல் ஊசியே கிட்டாதபோது பணக்கார நாடுகள் கூடுதல் ஊசி போடுவதை நிறுத்திவைக்குமாறு 2021 ஆகஸ்டில் உலகச் சுகாதார நிறுவனம் வேண்டிக்கொண்டது. அந்த நிறுவனத்தின் நிபுணர் குழுவே அக்டோபரில், எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு இன்னோர் ஊசி, உபரியாக அல்லாமல், அவர்களுடைய முதல் தொடரின் பகுதியாகவே தரப்பட வேண்டும் என்றது. இதில் முரண்பாடு இல்லை. பிறர் இரண்டால் அடைந்த காப்பை இவர் மூன்றாலும் முழுவதும் அடையாமல் இருக்கலாம். ஆனால் ஊசிகளின் எண்ணிக்கையைச் சமமாக்குவதைவிடக் காப்பைச் சமமாக்க முயல்வதே நீதிக்கு நெருக்கமானது.

2023 மே 5-இல் உலக அவசரநிலை முடிந்ததாக அறிவிக்கப்பட்டதனால் இந்தக் கடமை முடிந்துவிடவில்லை. தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவருக்கு அதனைப் போடவே கூடாது. அவருக்குக் காவல் சுற்றியுள்ள குழந்தைகள் தவறாமல் ஊசி போட்டுக்கொள்வதுதான். கோவிட் போன்ற இன்னொரு தொற்று வந்தால், இரத்தப் புற்றுநோயாளிகளைத் தேடிச் செயலிகளையும் விளம்பரங்களையும் நம்பியிருக்கத் தேவையில்லை. அவர்கள் இரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் குறித்த தவணையில் மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருப்பவர்கள். பெயர்களும் நோயின் நிலையும் சிகிச்சையின் தேதிகளும் அங்கேயே இருக்கின்றன. ஊசியையும் அந்தச் சிகிச்சைப் பிரிவிலேயே வைத்திருந்து, மருத்துவர் தகுந்ததென்று கருதும் தவணையில் நோயாளிக்குப் போட்டு, அவரை அழைத்துவந்த மகனுக்கோ மனைவிக்கோ அன்றே போட்டனுப்பினால், கடிதமும் வேண்டியதில்லை, இன்னொரு நாள் கூலியும் போகாது.