தனுவும் புவனமும்: உணவை அளக்கும் முறை

சைவ வித்தியாசாலை ஆசிரியர்காள்!

உயிர்களின் பொருட்டுச் சிவபெருமான் தந்தருளியன தனு, கரணம், புவனம், போகம் என நான்கென்று நாம் மாணாக்கருக்குப் படிப்பிக்கின்றோம். தனு உடம்பு, கரணம் மனம் முதலிய கருவி, புவனம் உலகம், போகம் நுகரப்படும் பொருள். உணவு போகத்தின்பாற்படும். அது தனுவைக் கெடுப்பினும், தன்னை விளைவித்த புவனத்தைக் கெடுப்பினும், தந்தவன் கருத்துக்கு மாறாகும். ஆதலின், நாம் உண்பது இவ்விரண்டுக்கும் இசைந்ததோ என்று கரணங்கொண்டு ஆராய்தல் கடமையாம்.

இவ்வாராய்ச்சியை எண்ணாற் செய்யும் முறை இக்காலத்தில் எழுந்துள்ளது. 2019 ஆம் ஆண்டில், 16 நாடுகளைச் சேர்ந்த 37 அறிஞர் கூடிய ஈற்-லான்செற் ஆணைக்குழு, மனிதர் நலத்துக்கும் பூமியின் பொறைக்கும் ஒருங்கே பொருந்தும் உணவளவை வகுத்தது. அதன்படி, 2500 கலோரி உண்பவருக்கு நாள்தோறும் முழுத்தானியம் 232 கிராம், மரக்கறி 300, பழம் 200, பருப்பும் பயறும் 75, கச்சான் முதலிய கொட்டைவகை 50. ஆடு, மாடு, பன்றி என்பவற்றின் இறைச்சியோ 14 கிராமே.

இறைச்சி இத்துணை சுருங்கியது ஏன்? 119 நாடுகளிலுள்ள ஏறத்தாழ 38,700 பண்ணைகளை ஆராய்ந்து 2018 இல் வெளிவந்த ஆய்வொன்று அதனை விளக்கும். இறைச்சிக்கென வளர்க்கும் மாட்டினால் 100 கிராம் புரதம் பெறுதற்குச் சராசரி 50 கிலோகிராம் கரியமில வாயுவுக்கு ஒப்பான வெப்பவாயு எழும். பட்டாணியாற் பெறின் அரைக் கிலோகிராமும் எழாது.

இவ்வளவை அடியாகக்கொண்டு, 2021 இல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் 16 உறுப்பும் 150 புள்ளியும் உடைய அளவுகோலொன்றை இயற்றினர். அதிலே பழம், மரக்கறி, பயறு, கொட்டை, முழுத்தானியம் என்பன போதிய அளவு இருப்பின் புள்ளி மிகும். பால், கிழங்கு, எண்ணெய் முதலியன அளவோடு நிற்றல் வேண்டும். இறைச்சி, கோழி, விலங்கின் கொழுப்பு, சேர்த்த சீனி என்பன மிகின் புள்ளி குறையும். அந்நாட்டார் சராசரியாகப் பெற்றது பாதியும் இல்லை.

இதனைக் கேட்டு, "நாம் புலால் உண்ணாதவர், நமக்கு இக்கோல் எதற்கு?" என்பார் உளர். அது பொருந்தாது. இறைச்சியையும் கோழியையும் ஒழித்தமையால் வருவன 150 இல் 20 புள்ளியே. தீட்டிய அரிசிச் சோற்றைக் குவித்து, கீரையை ஓரத்தில் ஒதுக்கி, தேநீர்தோறும் சீனி சொரிவோன், புலால் உண்ணாதவனாயினும் தனுவைப் பேணினவன் ஆகான். நீர் தேங்கிய நெல்வயலினின்றும் மெதேன் என்னும் வெப்பவாயு எழுதலால், இலையிலே சோற்றை எறிவோன் புவனத்தைப் பேணினவனும் ஆகான். திருவள்ளுவர் புலான் மறுத்தலை ஓரதிகாரத்திற் கூறியதோடு அமையாது, மருந்து என்னும் அதிகாரத்தில் அளவறிந்து உண்ணுதலையும் கூறினாரன்றோ?

எனினும், இக்கோல் எல்லாவற்றையும் அளப்பதன்று. கொல்லாமை என்னும் அறத்துக்கு அதிலே புள்ளியில்லை; அது நம் நெஞ்சிலே அளக்கப்படுவது. மேலும், உண்டதை மறத்தலும் குறைத்துக் கூறலும் மனிதர்க்கு இயல்பாதலின், கணக்கும் ஓரோவழிப் பிழைபடும்.

ஆசிரியர்காள்! மாணாக்கரை அளக்குமுன் உங்கள் இலையை அளந்து பாருங்கள். ஏழு நாள், உண்டன யாவற்றையும் ஒளியாது எழுதுங்கள். பின்னர் வகுப்பிலே குரக்கன், தீட்டாத அரிசி, பயறு, முருங்கைக்கீரை என்பவற்றின் பயனைப் படிப்பியுங்கள். ஒன்றை மாத்திரம் செய்யற்க: பிள்ளைகளின் உணவுப் பொதியைத் திறப்பித்து யாவருங் காணப் புள்ளியிடற்க. மேற்சொன்ன உணவளவை விலைகொடுத்துப் பெறமாட்டாதார் உலகில் 158 கோடிக்குக் குறையார் என 2020 ஆம் ஆண்டு ஆய்வொன்று கணித்தது. 2022 இல் நம் நாட்டை வருத்திய நெருக்கடியிலே பசியோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகளை நாமும் அறிவோம். வெறுங்கையோடு வந்த பிள்ளையின் குறை அப்பிள்ளையின் குற்றமன்று. அதனைக் கண்டும் வாளாவிருத்தல் நம் குற்றமாம். அளப்பது பழிப்பதற்கன்று, பகிர்வதற்கேயாம்.

தனுவும் புவனமும் தந்தவன் திருவடியை மறவாது, அளவறிந்து உண்டு, அறிந்ததை ஊட்டி வாழ்வோமாக.