நாய்க்கடுகும் ஓரறிவுயிரும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் புஞ்சைகளில் மழை விழுந்ததும் தானாக முளைப்பது நாய்க்கடுகு. நாய்வேளை என்றும் சொல்வார்கள். தண்டு, இலை, காய் எங்கும் நுண்மயிர்கள். தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், கடுநெடி அடிக்கும். சிறு பூச்சிகள் அந்தப் பசையில் மாட்டிக்கொள்வதும் உண்டு. நான்கு மஞ்சள் இதழ்கள் விரிந்து உதிர்ந்தபின் மெலிந்து நீண்ட காய் முற்றி வெடிக்க, கடுகளவு விதைகள் சிதறும்.

பருத்திக்கும் உளுந்துக்கும் நடுவே நின்றால் இது களை, பிடுங்கி எறியப்படும். அப்படிப் பிடுங்குவது உயிர்க்கொலையா என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் பழையது. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டுமுள்ள ஓரறிவுயிர் என்கிறது. சமணம் மண், நீர், தீ, காற்று, தாவரம் ஐந்தையும் அந்த வரிசையில் வைக்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்ற பெரிய சமணப்பள்ளி இருந்தது. மதுரை கீழக்குயில்குடிச் சமணர்மலைக் கல்வெட்டு, வெண்புநாட்டுக் குறண்டி அட்டோபவாசி படாரர் என்ற துறவியின் மாணாக்கரைக் குறிப்பிடுகிறது. பசும்புல்லை மிதிக்காமல் நடப்பதும், மழைக்காலத்தில் முளைகள் மிதிபடாதிருக்க ஓரிடத்தில் தங்குவதும் அத்தகைய துறவிகளின் ஒழுக்கம்.

உழுது பிழைப்பவர் அப்படி வாழ முடியாது. அதனால்தான் சமண அறம் இல்லறத்தாருக்கு வேறு அளவு வைத்தது. இயங்கும் உயிரை வேண்டுமென்றே கொல்லக் கூடாது. தொழிலில் தவிர்க்க முடியாமல் நேரும் கேட்டுக்கு இடமுண்டு. ஆனாலும் அது வினைதான். தேவைக்கு மேல் செய்ய அனுமதி இல்லை.

திருக்குறளின் 550ஆம் குறள் கொடியவரை அரசன் கொலையால் ஒறுப்பதைக் களை பிடுங்குவதோடு ஒப்பிடுகிறது. செங்கோலுக்குப் பொருத்தமான உவமைதான். என்றாலும் அதில் களையும் குற்றவாளியாகிவிடுகிறது. நாய்க்கடுகு எந்தக் குற்றமும் செய்யவில்லை. வரப்பில் நின்றால் அதை யாரும் சட்டை செய்வதில்லை. காதுவலி என்றால் இலைச்சாற்றுக்காகத் தேடியும் போவார்கள். நின்ற இடம்தான் அதைக் களையாக்குகிறது. பழியைச் செடிமேல் போடாமல், கேட்டைக் கேடென்றே ஒப்புக்கொண்டு அதற்கு அளவு வைக்கும் சமண நிலையே இங்கு நேர்மையானது. பயிர்வரிசையில் முளைத்ததைக் கொத்தி எடுப்பது அந்த அளவுக்குள் அடங்கும். வரப்பு, ஓடைக்கரை, தரிசு என எங்கும் களைக்கொல்லி அடித்து ஒன்றுவிடாமல் கருக்குவது அடங்காது.